பாலுக்குப் பயன்படாத கன்று: சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

கறவை மாடு வளர்க்கும் ஊர்களில் காளைக்கன்றுகள் பிறந்த சில வாரங்களில் காணாமற்போவது யாருக்கும் புதிய செய்தி அன்று. எந்தக் கன்றும் அடித்துக் கொல்லப்படுவதில்லை. பால் நிறுத்தப்படுகிறது, அவ்வளவுதான். கண்ணெதிரே நடந்தாலும் யாருடைய செயலாகவும் கணக்கில் வராத இந்தச் சாவைப் பற்றி, நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய பகுதியில் நடந்த ஒரு நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஊரின் பெயரும் விடப்பட்டுள்ளது.

பின்னணி

சேலத்திலிருந்து அரூர் செல்லும் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்தால் இடப்புறம் சேர்வராயன் மலை தொடர்ந்து கூடவே வரும். அதன் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மூன்று ஜெர்சி கலப்பின மாடுகளை வளர்த்து வந்தார். கணவர் இல்லை, மகன் நகரத்தில் விசைத்தறி வேலைக்குப் போகிறார். மூன்றில் இரண்டு மாடுகள் கறவையில் இருந்தன. நாளொன்றுக்குக் கிடைத்த ஏறத்தாழ 15 லிட்டரில் பெரும்பகுதி பால் சங்கத்துக்கும், மிச்சம் தெருவில் நான்கைந்து வீடுகளுக்கும் போயிற்று. 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்திருந்தது. தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம் ஆகியவற்றின் விலையும், ஒரு மாட்டுக்காக மகளிர் குழுவில் வாங்கிய கடனின் தவணையும் போக, கையில் நின்றது அவர் உழைப்புக்கு மிகக் குறைவான தொகை.

2023 பிப்ரவரியில் மாடுகளில் ஒன்று இரண்டாம் ஈற்றில் காளைக்கன்று போட்டது. அந்தக் கட்டுத்தறியில் அது தொடர்ந்து மூன்றாவது காளைக்கன்று. முதலாவது பன்னிரண்டாம் நாள் இறந்தது. இரண்டாவதை ஐந்தாம் நாளே 500 ரூபாய்க்கு ஒரு வியாபாரி வாங்கி, கோணிப்பையில் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கட்டி, இருசக்கர வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு போனார்.

நாட்டு மாட்டின் காளைக்கன்றுக்கு இந்த வட்டாரத்தில் இன்னமும் ஆள் உண்டு. ஆத்தூர் பக்கம் கூலமேடு போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டு நடப்பதால், நல்ல திமிலும் கொம்பும் வரக்கூடிய கன்றை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கலப்பினக் கன்றுக்குத் திமில் எழும்பாது, நுகத்தடி நிற்காது, வெயிலும் தாங்காது. சமவெளியில் உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொரு பக்கம், 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாதது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெறாத மாட்டை இறைச்சிக்காக வெட்ட முடியாது. ஆக, இந்தக் கன்றுக்கு வேலையும் இல்லை, விலையும் இல்லை, சட்டப்படியான சாவும் இல்லை. வளர்ப்பவரின் கையில் எஞ்சுவது இரண்டே வழிகள்: வியாபாரியின் கோணிப்பை, அல்லது பட்டினி.

முதல் நாள் கண்டவை

அதே தெருவில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கன்று எழ முடியாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணுக்குத் தகவல் சொன்னார். அந்த வகையில் செய்தி எனக்கும் வந்தது. நாங்கள் போனபோது கன்றுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

முருங்கை மரத்தடியில் முழங்கை நீள நைலான் கயிற்றில் அது கட்டப்பட்டிருந்தது. பிறந்தபோது 22 கிலோவாவது இருந்திருக்க வேண்டிய கன்று, சாக்கில் வைத்துத் தூக்கி எடை பார்த்தபோது 18 கிலோ இருந்தது. கண்கள் குழிவிழுந்து, கண்ணுக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. உடல் வெப்பம் 97 டிகிரி. இந்த வயதில் 101-க்குக் குறையக் கூடாது. வாய்க்குள் விரலை விட்டபோது நாக்கு சில்லென்றிருந்தது. தொப்புள் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. முன்னால் கயிறு எட்டும் தூரம் வரை மண் நக்கப்பட்டு வழவழப்பாக இருந்தது, சாணத்திலும் மண்.

பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டியில் வெள்ளையாக எதுவோ ஆறிக்கிடந்தது. பால் நிறுத்தப்பட்ட நான்காம் நாளிலிருந்து, ஜவ்வரிசி ஆலையிலிருந்து வாங்கிவரும் மரவள்ளித் திப்பியை (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை) தண்ணீரில் கரைத்துக் கன்றுக்கு ஊற்றியிருக்கிறார்கள். சேலம் வட்டாரத்தில் பெரிய மாட்டுக்குத் திப்பி கொடுப்பது வழக்கம்தான். ஆனால் இரண்டு மாதம் ஆகாத கன்றின் அசையூண் வயிறு இன்னும் வேலைக்கே வந்திருக்காது. மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு. உள்ளே போன திப்பி கழிச்சலாக வெளியே வந்து, இருந்த நீர்ச்சத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

சீம்பால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதல் நாள் கன்று தானாக ஊட்டியதோடு சரி. பிறகு கறந்ததை, காய்ச்சினால் திரிந்துவிடும் என்பதால் சங்கம் எடுக்காது. வெல்லம் போட்டு வேகவைத்துத் தின்பதற்காகத் தெருவில் விற்றிருக்கிறார்கள். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குள் போவதில்லை என்பதால், பிறக்கும் கன்று அந்தக் காப்பு ஏதுமின்றியே பிறக்கிறது. சீம்பாலில் இருப்பதுதான் அதற்குள்ள ஒரே முதல். அதையும் குடல் முதல் ஆறு மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் கதவு அடைபட்டுவிடும். இந்தக் கன்றுக்குத் தொப்புளில் சீழ் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

தாய் மாடு நல்ல உடற்கட்டோடு, கழுவிய மடியோடு, புது வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்மணி மாடுகளை அன்பில்லாமல் வைத்திருப்பவர் அல்லர். மாணவி கோபத்தோடு, “பெரியம்மா, இதைக் கொன்னிருந்தா கேஸு. பட்டினி போட்டா யாரும் கேக்க மாட்டாங்களா?” என்றபோது அவர் குரலை உயர்த்தவில்லை. “கிடாரியா இருந்திருந்தா எப்படிப் பாத்திருப்பேன்னு உனக்கே தெரியும் கண்ணு. உங்க வூட்டுக்குத்தான் தினம் அரை லிட்டர் வருது. சீம்பாலும் உங்கம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க. இதுக்கும் ரெண்டு லிட்டர் குடுத்தா நான் எதை ஊத்தறது?” என்றார். மாணவிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

மாணவி தொடர்புகொண்டிருந்த நகரத்து விலங்கு ஆர்வலர்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர்கள் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பேண வேண்டும் என்கிறது. 11-ஆவது பிரிவு, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமல் விடுவதைக் குற்றமாக்குகிறது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டினியிலிருந்தும் தாகத்திலிருந்தும் விடுதலையை விலங்குகளின் ஐந்து அடிப்படைச் சுதந்திரங்களில் ஒன்றாக எடுத்துக்காட்டியது. ஆனால் 11-ஆவது பிரிவின் கீழ் முதல் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்குள். அந்தத் தொகை யாரையும் திருத்தாது. காவல் நிலையப் படியேறிய அவமானம் மட்டும் அந்தப் பெண்மணிக்கு மிஞ்சும். அதைவிட எனக்கிருந்த அச்சம் வேறு. புகார் போனால் அந்த ஊரில் அடுத்துப் பிறக்கும் காளைக்கன்றுகள் எதுவும் யார் கண்ணிலும் படாமல் முதல் இரவே வண்டியேறிவிடும். கொடுமை குறையாது, மறைந்துகொள்ளும். ஆகவே புகார் வேண்டாம் என்பது என் கருத்தாக இருந்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு மாணவியும் ஒத்துக்கொண்டார்.

கோசாலைகளைக் கேட்டுப் பார்த்தோம். கறவை நின்ற பசுக்களுக்கே இடமில்லை என்றார்கள். பால் குடிக்கும் கன்றை எடுத்தால் அதற்குப் பாலை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதுவும் உண்மையே. கோயிலுக்கு நேர்ந்து விடலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். தாயில்லாமல் தனியே விடப்படும் ஒன்பது நாள் கன்று அங்கும் பிழைக்காது.

மூன்றாவது, வலியின்றி உயிர் நீங்கச் செய்வது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் உள்ள விலங்கை முடித்துவிட வழி தருகிறது. இந்தக் கன்று அந்த நிலையில் இல்லை. சிகிச்சைக்குத் தேறும் என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிறந்த அன்றே வலியில்லாமல் இறந்திருந்தால் இந்தக் கன்று பட்டிருக்கும் துன்பம், ஒன்பது நாள் மண்ணை நக்கிக்கொண்டு கிடந்ததில் ஒரு சிறு பங்குகூட இராது. கொல்ல மாட்டோம் என்று முடிவு செய்த ஒரு சமூகம், உயிரோடு விட்ட விலங்குக்குச் சோறு போடும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒதுக்கிவிட்டுக் கொல்லாமையை மட்டும் வைத்துக்கொண்டதால், அதன் விலையை இந்தக் கன்றும், அதைப் பார்த்துக்கொண்டே கறக்க வேண்டிய ஓர் ஏழைப் பெண்ணும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சியது, அங்கேயே வைத்துச் சிகிச்சை தந்து வளர்ப்பது. செலவைக் கணக்கிட்டோம். நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் அறுபது நாளுக்குப் பால் 120 லிட்டர்; சங்க விலையில் 4,200 ரூபாய். இதில் பாதியை மாணவியும் அவருடைய நண்பர்களும் வாராவாரம் தருவது, மற்றப் பாதியை அந்தப் பெண்மணி ஏற்பது, மருந்து என் பொறுப்பு, அறுபது நாளுக்குப் பிறகு கன்றை எடுத்துக்கொள்ள ஆள் தேடுவது எல்லோருடைய பொறுப்பும் என்று முடிவாயிற்று. முழுத் தொகையையும் வெளியிலிருந்து கொடுத்துவிடலாம் என்று மாணவி சொன்னார். வளர்ப்பவருக்கும் அதில் பங்கு இருந்தால்தான் அடுத்த கன்று வரும்போது இது நினைவில் நிற்கும் என்று கருதி, பாதி போதும் என்றேன்.

சிகிச்சையும் தொடர்ந்த மாதங்களும்

வெதுவெதுப்பாக்கிய உப்புக் கரைசலும் குளுக்கோஸும் நரம்பு வழியாக ஏற்றினோம். கோணிச் சாக்குகளுக்கு நடுவே சுடுநீர் நிரப்பிய பாட்டில்களை வைத்துக் கன்றை வெப்பப்படுத்தினோம். தொப்புளைக் கீறிச் சீழை வெளியேற்றி அயோடின் வைத்து, நோய்க்கிருமிக்கான ஊசி தொடங்கினோம். திப்பி நிறுத்தப்பட்டது. முதல் இரண்டு நாளும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையும் பாலையும் சிறுகச் சிறுக மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகப் பாலை ஊற்றினால் கழிச்சல் திரும்பும்.

மூன்றாம் நாள் கன்று தானாக எழுந்து நின்றது. தாயிடம் விட்டபோது மாடு அதை முகர்ந்துவிட்டு முதலில் உதைத்தது. பிரித்து வைத்த ஒரு வாரத்தில் அதற்கு மணம் மறந்துபோயிருந்தது. அந்தப் பெண்மணி மாட்டின் பாலையே கறந்து கன்றின் முதுகில் தேய்த்து, மாட்டின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்று, கன்றை ஊட்ட வைத்தார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அறுபதாம் நாள் கன்று 38 கிலோ இருந்தது. பால் நிறுத்தப்பட்டு, பசும்புல்லும் கன்றுத் தீவனமும் தின்னத் தொடங்கியது.

எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஏற்காட்டின் உள்கிராமம் ஒன்றில் வசிக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயி ஒருவர் முன்வந்தார். டிராக்டர் ஏறாத படிக்கட்டு நிலத்தில் ராகியும் சாமையும் போடுகிறார். சிறு காப்பித் தோட்டத்துக்கு எருவும் வேண்டும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிர், கலப்பின மாட்டுக்குச் சமவெளி வெயிலைவிட ஏற்றது. விற்பதாக இருந்தால் வியாபாரிக்கு விற்காமல் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

சங்கக் கூட்டம்

இதற்கிடையில் பால் சங்கத்தின் கூட்டத்தில் இரண்டு யோசனைகளை வைத்தோம். கன்று பிறந்த முதல் மூன்று நாள் சீம்பால், ஆணோ பெண்ணோ, கன்றுக்கே என்பது ஒன்று. எப்படியும் சங்கம் எடுக்காத பால் என்பதால் இதற்கு எதிர்ப்பு இல்லை. கன்றுக்குப் போக மிஞ்சியதை விற்றுக்கொள்ளலாம் என்ற திருத்தத்தோடு ஏற்கப்பட்டது.

இரண்டாவது, லிட்டருக்கு ஒரு ரூபாய் பிடித்துக் காளைக்கன்றுகளுக்கென ஒரு நிதி. சங்கத்துக்கு நாளுக்குச் சுமார் 600 லிட்டர் வருகிறது. ஆண்டுக்கு 2,19,000 ரூபாய் சேரும். ஆண்டில் பிறக்கும் காளைக்கன்றுகளை நாற்பது என்று வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 5,400 ரூபாய்க்கு மேல் வரும். அறுபது நாள் பாலுக்கும் மருந்துக்கும் அது போதும். உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை. “விலைய மேல நிர்ணயம் பண்றாங்க, பிடித்தம் மட்டும் எங்க கூலியிலயா சார்?” என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை.

பின்னர் நடந்தவை

அந்த மாட்டுக்கு மறுமுறை, பாலினம் பிரித்த விந்தில் சினை ஊசி போட்டோம். ஊரில் அதைக் கிடாரி ஊசி என்கிறார்கள். பத்துக்கு ஒன்பது பெட்டைக்கன்று பிறக்கும் என்பது அதன் பலன். விலை கூடுதல், சினை பிடிக்கும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்பது அதன் குறை. முதல் ஊசி தவறி 21 நாள் வீணாயிற்று. இரண்டாவது பிடித்து, 2024 மார்ச்சில் கிடாரிக் கன்று பிறந்தது.

இன்னொரு மாட்டுக்குச் சாதாரண ஊசியே போடப்பட்டிருந்தது. அது 2023 அக்டோபரில் காளைக்கன்று போட்டது. இருபதாம் நாள் அதை அதே வியாபாரி வாங்கிப் போனார். அந்தப் பெண்மணி இதை என்னிடம் மறைக்கவில்லை. “மூணு நாள் சீம்பால் குடுத்தேன், தொப்புளுக்கு மருந்து வெச்சேன். அதுக்கு மேல என்னால ஆவலை சார்” என்றார். மாணவியின் நண்பர்கள் அதற்குள் படிப்பு முடிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போயிருந்தார்கள். தனிமனிதர்களின் இரக்கத்தை நம்பி ஒரு கன்றைக் காப்பாற்றலாம். ஒவ்வோர் ஈற்றிலும் வரும் கன்றை அப்படிக் காப்பாற்ற முடியாது.

மலைமேல் போன கன்று இரண்டரை வயதில் நுகத்துக்குப் பழக்கப்பட்டது. எதிர்பார்த்தபடியே திமில் இல்லாமல் நுகத்தடி வழுக்கி, கழுத்தில் உராய்ந்து புண்ணாக்கியது. ஏரை நிறுத்திப் புண் ஆறும்வரை மருந்து போடப்பட்டது. இப்போது அந்த விவசாயி சணல் மெத்தை கட்டி, காலையில் மட்டும், உழுத மண்ணைச் சமப்படுத்தும் இலகுவான பரம்படிக்குப் பூட்டுகிறார். மற்ற நேரம் மேய்ச்சலும் எருவும்தான். வேலை குறைவான அந்த மாட்டை அவர் எத்தனை ஆண்டுக்கு வைத்திருப்பார் என்பது அவருடைய வருவாயைப் பொறுத்தது.

மாற வேண்டியவை

முதலாவதாக, காப்பாற்றுகிறவர்கள் வரும் நேரம். ஒன்பதாம் நாள் வந்தால் மருந்தும் பணமும் பல மடங்கு செலவாகின்றன. அதற்குள் கன்று பட்டது பட்டதுதான். சினை ஊசி போட்ட தேதி ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. அதிலிருந்து 280 நாளைக் கணக்கிட்டால் ஈனும் வாரம் தெரியும். அந்த வாரத்திலேயே வீட்டுக்குப் போய்ச் சீம்பாலையும் தொப்புளையும் பற்றிப் பேசுவதற்கு எந்தப் புதிய திட்டமும் தேவையில்லை.

கிடாரி ஊசி சிறு வளர்ப்பாளரின் கைக்கு எட்டும் விலையில், முதல் முறை தவறினால் மறுமுறை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். ஆண் கன்றே பிறக்காமல் தடுப்பது இந்தச் சிக்கலுக்கு முழு விடை ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பத்தில் ஒன்று அப்போதும் பிறக்கும்.

ஒரு ரூபாயைப் பற்றி உறுப்பினர் கேட்ட கேள்விக்கு, அதைப் பால் கறப்பவரிடமிருந்து எடுக்கக் கூடாது என்பதே என் முடிவு. பால் வேண்டுமென்றால் மாடு ஈன வேண்டும். ஈனும் கன்றில் பாதி ஆணாக இருக்கும். சேலத்தில் காலையில் பாக்கெட்டை வெட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கன்றில் பங்கு உண்டு. விற்பனை விலையில் அந்த ரூபாய் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டு, சங்கங்கள் வழியாகக் கன்றுக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக, கணக்கு. வளர்ந்த மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதற்கு முன்பே மறைந்துபோகும் காளைக்கன்று எந்த ஏட்டிலும் இல்லை. எண்ணப்படாத சாவுக்கு நிதி கேட்பதும் கடினம். அந்தச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், நிதி யோசனையை ஒத்திவைத்து, கன்றுப் பதிவேடு ஒன்றை மட்டும் முதலில் தொடங்கும் தீர்மானம் வைக்கப்படுகிறது. பிறந்த நாள், ஆணா பெண்ணா, முதல் சீம்பால் கொடுத்த நேரம், அறுபதாம் நாள் கன்று எங்கே இருக்கிறது என்ற நான்கே கட்டங்கள். எழுதும் பொறுப்பைச் சங்கத்தில் பால் அளக்கும் பணியாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.